மாடல் ஏழு: எது ஒரிஜினல்?

கார் ரேடியோவைக் கழற்றி வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்த ஒரு மனிதரிடமிருந்துதான் இந்தக் கதையை ஆரம்பிக்க வேண்டும். பெயர், சால் மாரன்ட்ஸ். வீடு, நியூயார்க்கில் க்யூ கார்டன்ஸ் என்கிற பகுதியில். தொழில், விளம்பர ஓவியம். ஓய்வு நேரத்தில் கிடார், இசைத்தட்டுகள். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், தன்னுடைய மெர்க்குரி காரில் இருந்த ரேடியோவைப் பெயர்த்து வீட்டில் மாட்டினார். கார் ரேடியோ வீட்டில் பாடவேண்டுமென்றால் கூடவே நாலு சமாச்சாரம் வேண்டுமே? அதையும் அவரே செய்தார். அப்புறம் அதற்குப் பொருத்தமாக இன்னொன்று. இந்த வியாதி எப்படி வளரும் என்பது உங்களுக்கே தெரியும்.

1948ல் எல்.பி. ரெக்கார்ட் வந்தது. கூடவே ஒரு தலைவலியும். இசைத்தட்டில் கோடு வெட்டும்போது கீழ் ஸ்தாயியை அமுக்கி, மேல் ஸ்தாயியைத் தூக்கி வைத்துத்தான் வெட்டுவார்கள். கேட்கும்போது அதற்கு நேர்மாறாகச் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு அமுக்குவது, எவ்வளவு தூக்குவது? ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஒரு கம்பெனி ரெக்கார்டுக்குச் சரியாக இருப்பது இன்னொரு கம்பெனிக்கு ஒத்துவராது. எல்லோருக்கும் பொதுவான ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கு வந்தது 1954ல்தான். அதற்கு முன்பே மாரன்ட்ஸ், எந்தக் கம்பெனி ரெக்கார்டுக்கும் ஏற்றபடி திருப்பிக்கொள்ளும் குமிழ்களுடன் ஒரு பெட்டி செய்துவிட்டார். ஆடியோ கன்சோலெட். நூறு பெட்டி செய்து பார்ப்போம் என்று இறங்கினார். ஒரே வருடத்தில் நானூறு ஆர்டர். 1953ல் கம்பெனியே பிறந்துவிட்டது.

1958ல், ஸ்டீரியோ ரெக்கார்டுகள் கடைக்கு வந்த நேரத்தில் வெளிவந்ததுதான் மாடல் ஏழு. ப்ரீ ஆம்ப்ளிஃபையர். அதாவது, ரெக்கார்ட் ப்ளேயரின் முள்ளிலிருந்து வருகிற மெல்லிசான சிக்னலை வளர்த்து, பக்கத்திலிருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையரிடம் ஒப்படைக்கிற பெட்டி. உள்ளே ஆறு வால்வுகள். சர்க்யூட் வேலையில் முக்கியப் பங்கு சிட்னி ஸ்மித் என்கிற இன்ஜினியருக்கு. முகப்பு அழகு மாரன்ட்ஸின் கைவண்ணம். ஓவியர் அல்லவா? உலகெங்கும் அந்த சர்க்யூட்டைப் பார்த்து எழுதாத ஆம்ப்ளிஃபையர்காரர்கள் குறைவு.

மனிதருக்கு எதிலும் அரைகுறை பிடிக்காது. அதுவே கழுத்தை நெரித்தது. 10பி என்று ஒரு எஃப்.எம். ட்யூனர் செய்யப்போய், அதன் செலவில் கம்பெனியே ஆட்டம் கண்டது. 1964ல் சூப்பர்ஸ்கோப் என்கிற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்.

நம் விவகாரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழைய மாடல் ஏழு இன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. ஜப்பானில் அதற்குத் தனி மவுசு. ஆனால் மாடல் ஏழு ஒரு தரம் மட்டும் பிறக்கவில்லை. முதல் பிறவி நியூயார்க்கில். 70களின் இறுதியில் ஜப்பான் மாரன்ட்ஸ் அதையே 'கிட்' ஆக, வாங்கியவரே பற்றவைத்துக்கொள்ளும்படி விற்றது. 90களின் நடுவில் மறுபதிப்பு. அமெரிக்காவில் வேக் என்கிற வால்வு ஆம்ப்ளிஃபையர் நிறுவனம் செய்துகொடுத்தது. மூன்றுமே அசல் மாரன்ட்ஸ். மூன்றிலுமே பொய் இல்லை. ஆனால் கிட்டையும் மறுபதிப்பையும் முதல் பிறவி என்று சொல்லி விற்றால் அது பச்சைப் பொய். போதாக்குறைக்கு அதே முகப்புத் தகடு, அதே மாதிரி குமிழ்கள் எல்லாம் புதிதாகவே செய்து விற்கிறார்கள். பழுதுபார்க்க என்று பெயர். வேறு எதற்கெல்லாம் போகிறது என்று யார் கண்டது?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங்கில் முதலில் சொல்லித்தருவதே, பேரேட்டைப் பார்த்து மயங்காதே, வவுச்சரைப் பார் என்பதுதான். முகப்புத் தகடும் பின்னால் உள்ள சீரியல் நம்பரும் பேரேடு மாதிரி. தகட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். வவுச்சர்களெல்லாம் மூடிக்குள்ளே இருக்கின்றன. மூடியைத் திறக்க விடமாட்டேன் என்கிற ஆளிடம் பேச்சை வளர்க்காமல் கிளம்பிவிடுவது நல்லது.

அமெரிக்க உதிரி பாகங்களில் ஒரு வசதி. பலவற்றில் தேதி எழுதியிருக்கும், சங்கேதமாக. 1376012 என்று ஒரு வால்யூம் கன்ட்ரோலில் இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி. 60 என்பது வருடம். 12 என்பது வாரம். ஆக, 1960ன் பன்னிரண்டாவது வாரம். இன்னும் பழையதில் வருடத்துக்கு ஒரே இலக்கம்தான். 9 என்றால் 49ஆ, 59ஆ என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

இந்தத் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கக் கூடாது. மொத்தமாகப் பார்க்க வேண்டும். 1959ல் செய்த பெட்டியில் ஒரே ஒரு பாகம் 1971 என்றால் குற்றமில்லை. யாரோ ரிப்பேர் செய்திருக்கிறார். ஒன்று 58, ஒன்று 63, ஒன்று 66 என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தால்தான் சந்தேகம். நாலு பெட்டியைப் பிரித்து ஒன்றாகக் கட்டிய கேஸாக இருக்கலாம்.

அப்புறம் வயரிங். மாடல் ஏழில் பாகங்களையெல்லாம் ஒரு பலகையில் நிற்கும் சிறு உலோகத் தூண்களில் கையால் சுற்றிப் பற்றவைத்திருப்பார்கள். ஐம்பது, அறுபது வருடத்து ஈயம் மங்கலாக இருக்கும். புதுசு பளபளக்கும். எந்தத் தூண் பளபளக்கிறதோ, அங்கே ஒரு கை பட்டிருக்கிறது.

வால்வுகள் இன்னொரு திருவிழா. மாடல் ஏழில் டெலிஃபங்கன் வால்வு இருந்தால் வாங்குகிறவர் முகம் மலர்ந்துவிடும். ஜெர்மன் சரக்கு. அதன் அடிக் கண்ணாடியில், பின்களுக்கு நடுவே, ஒரு சின்ன டைமண்ட் வடிவம் இருக்கும். கண்ணாடியை வார்க்கும்போதே புடைத்து வந்த அடையாளம் அது. நகத்தால் தடவினால் தட்டுப்படும். பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பெயரை நம்பிப் பிரயோஜனமில்லை. பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

கடைசியாக, கண்டென்சர்கள். ஸ்ப்ரேக் கம்பெனி செய்த கறுப்பு உருளைகள். மேலே வண்ண வண்ணக் கோடுகள் இருப்பதால் அந்த ரகத்துக்குச் செல்லப்பெயர் பம்பிள்பீ, கருவண்டு. பம்பிள்பீ அப்படியே இருந்தால் பெட்டி தொடப்படாதது என்று அர்த்தம். விலை ஏறும். ஆனால் இதே கருவண்டுக்கு வயதாகிவிட்டால் மின்சாரம் கசியும். தடுக்க வேண்டிய டி.சி. மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த கட்டத்துக்கு விட்டுவிடும். சத்தம் கலங்கும், வால்வின் ஆயுள் குறையும். பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர்களோ காய்ந்துபோய் உர்ர் என்று இரைச்சல் கொடுக்கும்.

ஆக, கை படாத மாடல் ஏழு ஒழுங்காகப் பாடாது. ஒழுங்காகப் பாடுகிற மாடல் ஏழில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். "நூறு சதவிகிதம் ஒரிஜினல் சார், சவுண்டும் சூப்பர்!" என்று ஒருவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னால், இரண்டில் ஒன்று பெரும்பாலும் உண்மையில்லை. டயர் மாற்றியதால் பழைய கார் போலியாகிவிடுமா? ஆகாது. என்னைக் கேட்டால் டிரான்ஸ்பார்மர், ஸ்விட்சுகள், பலகை வயரிங், முகப்பு இவ்வளவும் முதலில் இருந்தவையாக இருந்தால் போதும். கண்டென்சர் மாற்றியிருக்கிறேன் என்று தானாகச் சொல்கிறவரை, எதுவுமே மாற்றவில்லை என்கிறவரைவிட நான் அதிகம் நம்புவேன். ஆனால் சந்தையில் விலை நேர்மாறாக இருக்கிறது. அதனால்தான் வெளியே பழைய வண்ணக் கோடு, உள்ளே நேற்று செய்த சரக்கு என்று கருவண்டுக்கே வேஷம் போடுகிறார்கள்.

நல்ல மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய பழைய கண்டென்சர்களை எறிய மாட்டார்கள். ஒரு சின்னப் பையில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி, பெட்டியோடு சேர்த்துச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். மூடியைத் திறந்து எல்லாம் பார்த்து முடித்தபிறகு, அந்தப் பை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் உடனே சந்தேகப்படவும் வேண்டாம். பழைய கிடார்களில் இருப்பதும் இதே பம்பிள்பீதான். கசிகிற கருவண்டுக்கும் அங்கே காசு கொடுக்க ஆள் இருக்கிறது.