புறங்கைச் சிரைகள் புடைத்துத் தெரிதல்

உடலெங்கும் சுற்றிய இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்களான சிரைகள், புறங்கையிலும் முன்கையிலும் தோலை உயர்த்திக்கொண்டு தடித்துத் தெரியும் நிலை இது. பேச்சுவழக்கில் நரம்பு புடைப்பது என்பர். உண்மையான நரம்புகள் இவ்வாறு வெளித்தெரிவதில்லை.

வடசென்னையின் காசிமேட்டில் வலை இழுப்போர், இராயபுரத்தில் சுமை தூக்குவோர், எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் உழைப்போர் ஆகியோரின் கைகளில் இப்புடைப்பு இயல்பாகக் காணப்படுகிறது. தசை கடுமையாக உழைக்கும்போது அதற்குச் செல்லும் இரத்தம் பன்மடங்கு பெருகுவதால், நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, இரத்தத்தின் நீர்ப்பகுதி தசைக்குள் கசிய, தடித்த தசை மேலுள்ள சிரைகளைத் தோலை நோக்கித் தள்ளுகிறது. இதனோடு வெப்பமும் சேர்கிறது: உடற்சூட்டை வெளியேற்றுவதற்காகத் தோலின் குழாய்கள் விரிகின்றன, வியர்வை எளிதில் உலராத கடலோரப் புழுக்கத்தில் அவ்விரிவு நெடுநேரம் நீடிக்கிறது. தோலடிக் கொழுப்பு குறைந்த மெலிந்த உடலிலும், தோல் மெலிந்து தளரும் முதுமையிலும் ஓய்வாக இருக்கும்போதே சிரைகள் தெரியும்.

சிரையில் ஓடுவது கருஞ்சிவப்பு இரத்தமே. எனினும், தோலுக்குள் ஆழமாக ஊடுருவும் சிவப்பொளியைச் சிரை உறிஞ்சிக்கொள்வதால், அவ்விடம் சுற்றியுள்ள தோலைவிடச் சிவப்பு குன்றி நீலமாகத் தோன்றுகிறது. கருநிறத் தோலில் நிறம் புலப்படாமல் புடைப்பு மட்டும் தெரிவதுமுண்டு. இடையிடையே தெரியும் சிறு முடிச்சுகள், இரத்தம் பின்னோக்கி வழியாமல் தடுக்கும் அடைப்பிதழ்கள் உள்ள இடங்களாகும். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் இரத்தச் சுற்றோட்டத்தை விளக்கும் நூலை வெளியிட்டபோது, கட்டுப்போட்ட முன்கையின் இச்சிரைகளை விரலால் அழுத்திக் காட்டியும் தம் வாதத்தை நிறுவினார்.

கையை இதயமட்டத்துக்கு மேல் உயர்த்தினால் சிரைகள் தணிந்துவிடுவது இயல்பு. உயர்த்தியும் தணியாமை, ஒரு கை மட்டும் திடீரென வீங்குதல், சிரை கயிறுபோல் இறுகி வலித்தல் ஆகியவை சிரைக்குள் இரத்தம் உறைந்ததையோ அழுத்தம் மிகுந்ததையோ குறிக்கக்கூடும் என்பதால், தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இச்சிரைகள் எவ்வளவு தேவையானவை என்பதைக் கை அறுவை மருத்துவம் காட்டுகிறது. தொழிற்சாலை விபத்துகள் மிகுந்த வடசென்னையிலேயே, ஸ்டான்லி மருத்துவமனையில், பேராசிரியர் ஆர். வெங்கடசாமியின் முயற்சியால் உருவான கை அறுவை மருத்துவப் பிரிவு, பின்னர் கை மறுவாழ்வுக்கும் ஆய்வுக்குமான நிலையமாக வளர்ந்தது. துண்டான விரலை மீண்டும் பொருத்தும்போது, இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியை மட்டும் இணைத்தால் பொதுவாகப் போதாது; இரத்தம் வடிந்து திரும்பப் புறப்பக்கச் சிரைகளையும் தைத்தாக வேண்டும், இல்லையெனில் இரத்தம் தேங்கி விரல் அழியக்கூடும். சொட்டுநீர் ஏற்றுவதற்கும், சிறுநீரகம் செயலிழந்தோருக்கு மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் இணைத்து இரத்தச் சுத்திகரிப்புக்கு வழி அமைப்பதற்கும் கைச்சிரைகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. ஆகவே அழகு கருதி மட்டும் அவற்றை ஊசி மருந்தால் அடைப்பதும் அகற்றுவதும் அறிவுடைமையாகாது.