பெரிய டிராக்டரும் நம்ம ஊர்ச் சேறும்

நம் கல்லூரி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, ஆரணிப் பட்டைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன், களம்பூர்க்காரன். எங்கள் பக்கம் தறிச் சத்தத்தை விட்டால் அரிசி மில் சத்தமும் டிராக்டர் சத்தமும்தான். (ரயிலில் வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் பெயர் களம்பூர் அல்ல, 'ஆரணி ரோடு'!) ஆகவே டிராக்டரைப் பற்றி எழுதுகிறேன், அதிலும் பழைய டிராக்டர்.

பழைய ராட்சத டிராக்டர் என்றால் உலகம் முழுக்க ஒரு மோகம் உண்டு. அமெரிக்காவில் மான்டானா மாநிலத்து ஹாவர் என்ற ஊரில் 1977-ல் செய்த 'பிக் பட் 747' அதில் முதலாவது. 16 சிலிண்டர், சுமார் 45 டன் எடை, 8 அடி உயர டயர்கள். முதலில் கலிபோர்னியாவில் பருத்தி நிலத்தை ஆழ உழுதது. பிறகு மான்டானாவுக்கே திரும்பி, 80 அடி அகலக் கலப்பையை இழுத்தது. அதை நிறுத்தியது எஞ்சின் கோளாறு அல்ல, டயர்! அந்த டயரைச் செய்த கனடா கம்பெனி மூடிவிட்டது, வண்டி மியூசியத்துக்குப் போனது. 2020-ல் வேறு அளவில் புதிய டயர் கிடைத்த பிறகு மீண்டும் நிலத்தில் இறங்கியது. இந்த டயர் விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக்கு ராட்சதம் வரவில்லையா என்றால், வந்தது. 1860-களிலேயே சென்னை கவர்னர் சர் வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பைகளை வரவழைத்தார். அவற்றைப் பரிசோதிக்கத்தான் சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை ஏற்பட்டது. எஞ்சின் வயலோரத்தில் நிற்கும், கலப்பையைக் கம்பிக் கயிற்றால் இழுக்கும். வரப்புக்கு வரப்பு முப்பது சென்ட் வைத்திருக்கும் நம் ஜனங்களுக்கு அது ஒத்துவருமா? கலப்பை போயிற்று, பண்ணை பள்ளிக்கூடமாயிற்று. அதுவே கோயம்புத்தூருக்கு இடம் மாறி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

அடுத்து, சுதந்திரத்தை ஒட்டி மத்திய டிராக்டர் நிறுவனம் வந்தது. உலகப் போரில் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன பெரிய வண்டிகளோடு 1947-ல் ஆரம்பித்தார்கள். 1949-ல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. மத்திய இந்தியாவில் ஆழ வேரோடிய 'கான்ஸ்' புல்லைப் பறிக்க அந்த வண்டிகள்தான் வேண்டியிருந்தன. 1956-ல் ராஜஸ்தான் சூரத்கரில் சோவியத் நாடு நன்கொடையாய்க் கொடுத்த இயந்திரங்களுடன் பெரிய பண்ணை உருவானது. எல்லாம் அகண்ட காய்ந்த பூமி. நம் நெல் வயலில் 10 டன் வண்டியை இறக்கினால் அதை வெளியே எடுக்க இன்னொரு 10 டன் வண்டி வேண்டும்.

நம் சேற்றில் நிலைத்தது சின்ன வண்டி. அதற்குக் காரணம் ஹாரி ஃபெர்குசன் என்ற வட அயர்லாந்துக்காரர். முன்பெல்லாம் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் சங்கிலி போட்டுக் கட்டி இழுப்பார்கள். கொழு வேரில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு வண்டி டிரைவர் மேலேயே மல்லாந்துவிடும். இழுவை வேண்டுமென்றால் எடையைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. ஃபெர்குசன் 1920-களில் கலப்பையை மூன்று புள்ளியில் வண்டியோடு இணைத்தார். மண் இறுகினால் மேல் இணைப்பு அழுத்தத்தை உணர்ந்து, ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றே தூக்கும். கலப்பையின் பாரமும் மண்ணின் இழுப்பும் பின்சக்கரத்தில் வந்து உட்காரும். அதாவது, எடை தேவைப்படும் நேரத்தில் மட்டும் எடை! ஒன்றேகால் டன்கூட இல்லாத அவருடைய சாம்பல் நிற டி.இ.20 வண்டிகளை ஓட்டிக்கொண்டுதான் எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ல் தென்துருவம் போய்ச் சேர்ந்தார். செமினாரில் மூன்று புள்ளி இணைப்பைப் படம் போட்டு மனப்பாடம் செய்த நமக்கு இந்தக் கதையையும் சொல்லியிருக்கலாம்.

அந்த வழியில் வந்தது மாஸி ஃபெர்குசன் 35. 1960-ல் சென்னையில் அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் 'டாஃபே'யைத் தொடங்கி, செம்பியத்தில் மாஸியைத் தயாரித்தது. 1840-ல் குதிரை வண்டி செய்ய ஆரம்பித்த சிம்ப்சன் கம்பெனியின் மூன்று சிலிண்டர் எஞ்சினோடு வந்த 1035, ஏறக்குறைய 1,700 கிலோதான். பிக் பட் பக்கத்தில் நிறுத்தினால் பொம்மை.

எங்கள் தெருவில் அப்படி ஒரு 1035 இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியது, என்னைவிட மூத்தது. சிவப்பு பெயின்ட் எப்போதோ போய்விட்டது. நடவு சமயத்தில் கேஜ் வீல் மாட்டிச் சேறு கலக்கும். அறுப்பு முடிந்தால் டிரெய்லரில் நெல் மூட்டை ஏற்றி மில்லுக்குப் போகும். "இன்னும் எப்படிண்ணே ஓடுது?" என்று மெக்கானிக் அண்ணனைக் கேட்டேன். "இதுல என்னா இருக்குது தம்பி? ஸ்பானர் போட்டா கழலுது, மாட்டுனா ஓடுது. சாமான் ஆரணியிலயே கெடைக்குது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது ரகசியம். 1035 என்ற பெயரில் இன்றும் வண்டி விற்பதால் லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் கடையில் உண்டு. 45 டன் பூதத்தை மடக்கிய டயர் பிரச்சினை இதற்கு வரவில்லை.

காதல் கண்ணை மறைக்கக் கூடாது. இந்த வண்டி கரும்புகை கக்குகிறது. கவிழ்ந்தால் காப்பாற்றத் தலைக்கு மேல் கம்பிச் சட்டம்கூடக் கிடையாது. இது வந்ததும் எங்கள் தெருவில் உழவு மாடுகள் போயின, ஏர் ஓட்டியவர்களின் பிழைப்பும் போயிற்று. அதையெல்லாம் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஆனால் எனக்குக் கவலை எச்.எம்.டி. வண்டிக்காரர்களைப் பற்றித்தான். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் கூட்டில் 1971-ல் பிஞ்சோரில் தொடங்கிய அந்த டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. எஞ்சின் நன்றாக இருக்கும், ஒரு கியருக்காக வண்டி நிற்கும். புதிய வண்டிகளின் கதை வேறு. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகி, டீசலை அளந்துவிடும் வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. புகை குறைந்தது நல்லதுதான். அந்தப் பெட்டியைத் திறக்க மெக்கானிக் அண்ணனிடம் கருவி இல்லை, கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை.

இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைவதாகக் கேள்வி. நின்றுபோன வண்டியின் ஒரு கியரை அளந்து, வரைபடம் போட்டு, இங்கேயே வார்த்துப் பார்க்க யாராவது வந்தால் ஷெட்டையும் ஆளையும் காட்ட நான் தயார். நடவு சமயத்தில் மட்டும் வராதீர்கள். யாருக்கும் பேச நேரம் இருக்காது.