வில்மரம் விளைந்த இடம்

ஒரு வில்லின் விலை ஒரு குதிரையும் ஒரு போர்வையும். வட அமெரிக்காவின் மிசௌரி ஆற்றங்கரையில், அரிக்காரா மக்களிடம் நிலவிய விலை இது. 1811இல் அந்த ஆற்றின் வழியே மேலேறிச் சென்ற ஆங்கிலேயத் தாவரவியலர் ஜான் பிராட்பரி இதைக் குறித்துவைத்தார். 1817இல் அச்சேறிய அவருடைய பயண நூலில் ஒற்றை வரியாக அது கிடக்கிறது. எந்த வில்லுக்கும் கொடுத்த விலை அன்று. ஒரே ஒரு மரத்தில் செய்த வில்லுக்கு மட்டும் கொடுத்தது. குதிரையே செல்வமாக இருந்த சமவெளியில் ஒரு மரத்துண்டுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்ற கேள்வியோடுதான் நான் இந்தத் தேடலில் இறங்கினேன்.

அந்த மரத்தை அங்கிருந்த பிரெஞ்சு வணிகர்கள் வில்மரம் என்ற பொருளில் 'புவா தார்க்' என்றார்கள். ஆங்கிலத்தில் ஓசேஜ் ஆரஞ்சு. தாவரவியலில் மாக்லூரா போமிஃபெரா. ஆரஞ்சுக்கும் இதற்கும் உறவில்லை. நம் பலாவும் முசுக்கொட்டையும் சேர்ந்த குடும்பம் இது. கீறினால் பால் வடியும். வைரம் பலாவைப் போலவே மஞ்சள். காய் மட்டும் பச்சையாக, சுருக்கம் விழுந்து, ஒரு பெரிய ஆரஞ்சின் அளவில் இருக்கும். கிளையெல்லாம் முள்.

அமெரிக்க வனத்துறைக்காக எல்பர்ட் லிட்டில் தயாரித்த மர வரைபடங்களைப் பிராட்பரியின் குறிப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் புதிரின் அளவு தெரியும். இந்த மரம் தானாக விளைந்த நிலம் மிகச் சிறியது. இன்றைய டெக்சஸ், ஒக்லஹோமா, ஆர்க்கன்சா மாநிலங்கள் சந்திக்கும் செவ்வாற்றுப் படுகையும் அதை ஒட்டிய கரிசல் சமவெளியும்தான் அதன் முதன்மையான தாயகம். அரிக்காரா ஊர்களோ இன்றைய தென் டகோட்டாவில், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் வடக்கே. பிராட்பரி குறித்த விலை மரத்துக்கு மட்டுமான விலையல்ல. அந்தத் தொலைவுக்கும் சேர்த்த விலை.

அப்படியானால் மரத்தைத் தேடிப் போனவர் யார், எப்போது போனார், எப்படிக் கண்டுபிடித்தார்? இதற்கு விடை தரும் ஆவணம் ஒரு கடிதம். நாடாய்வாளர் மெரிவெதர் லூயிஸ் 1804 மார்ச் 26 அன்று செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு எழுதியது. அந்த நகரம் இருந்த மேல் லூயிசானா நிலப்பகுதி அமெரிக்காவின் கைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. லூயிஸும் அவருடைய துணைவர் கிளார்க்கும் மேற்கு நோக்கிய தங்கள் பெரும் பயணத்தைத் தொடங்கவே இன்னும் ஏழு வாரம் இருந்தது. டொனால்ட் ஜாக்சன் 1962இல் பதிப்பித்த அப்பயணக் கடிதத் தொகுப்பில் இது இருக்கிறது. பலரும் இதை, லூயிஸ் கிழக்கே அனுப்பிய முதல் தாவரக் குச்சிகளோடு போன கடிதம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். நான் இதை மரம் எடுக்கப் போகிறவனுக்கான வழிகாட்டியாகப் படித்தேன். அப்படிப் படிக்கும்போது அதன் ஒவ்வொரு வரியும் கனக்கிறது.

குச்சிகள் வெட்டப்பட்டது செயின்ட் லூயிஸ் வணிகர் பியேர் ஷூட்டோவின் தோட்டத்தில். அவர் பல ஆண்டுகள் ஓசேஜ் என்னும் பழங்குடி மக்களோடு வாழ்ந்தவர். கன்றுகளை அவருக்குக் கொடுத்தவர் ஓசேஜ் பேரூரைச் சேர்ந்த ஒருவர். அந்த மனிதரின் பெயரைக் கடிதம் சொல்லவில்லை. ஊரிலிருந்து மேற்கே சுமார் 300 மைல் தள்ளிக் கன்றுகளை எடுத்துவந்ததாக அவர் சொன்னார் என்று மட்டும் லூயிஸ் எழுதுகிறார். வில்லுக்காக இந்த மரத்தைத் தேடி அம்மக்கள் பல நூறு மைல் பயணம் செய்வார்கள் என்றும் சேர்க்கிறார்.

300 மைல் மேற்கே என்ற அந்தக் கூற்றை வரைபடத்தில் வைத்து அளந்து பார்த்தேன். ஓசேஜ் பேரூர் இருந்த இடம் இன்றைய மிசௌரி மாநிலத்தின் மேற்கு எல்லையில், வெர்னன் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேர் மேற்கே 300 மைல் போனால் கான்சஸின் புல்வெளி நடுவே நிற்போம். இந்த மரம் இயற்கையாக விளைந்த நிலம் அதுவல்ல. அதே 300 மைலைத் தெற்கு, தென்மேற்காகத் திருப்பினால் முனை செவ்வாற்றங்கரையில் விழுகிறது. அங்கே டெக்சஸ் பக்கத்திலிருந்து வந்து கலக்கும் ஓடையின் பெயரே புவா தார்க் ஓடை. தொலைவு சரி, திசைதான் பிசகு. வாய்மொழியாகக் கைமாறி வந்த செய்தியில் திசை திரிந்திருக்கலாம். ஆனால் செவ்வாற்றுப் பக்கம் காடோ மக்களின் நிலம். ஓசேஜ்களுக்கும் அவர்களுக்கும் பகை. விலைமதிப்புள்ள மரம் நிற்கும் இடத்தை ஒரு வணிகரிடம் நேராகச் சொல்ல அந்த மனிதர் விரும்பவில்லை என்பது என் ஊகம். 300 மைல் கணக்கை இவ்வளவு துல்லியமாக அறிந்தவருக்கு வழி தெரியாமல் இருந்திருக்காது.

கடிதத்தின் மிக அரிய பகுதி இனிமேல்தான் வருகிறது. கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது காய் பழுக்கும். அதன் மணம் வெகுவாகப் பரவும். மரத்தை நெருங்கிவிட்டோம் என்பதை ஓசேஜ்கள் அந்த மணத்தாலேயே அறிந்துகொள்வார்கள். அதனால் மரம் எடுக்க அந்தப் பருவத்தையே தேர்ந்தார்கள். இந்த மரம் அதன் சொந்த நிலத்திலும் அடர்ந்து வளர்வதில்லை என்ற காரணத்தையும் லூயிஸ் கூடவே எழுதியிருக்கிறார். இது ஆண், பெண் தனித்தனியாக நிற்கும் மரம். காய்ப்பது பெண் மரம் மட்டுமே. ஆக, மணம் இட்டுச்செல்வது பெண் மரத்திடம். ஆண் மரங்களை அதன் சுற்றுவட்டத்தில் தேடிக்கொள்ளலாம். தாவரவியல் நூல்கள் இதற்கு முறையான பெயர் சூட்டுமுன்பே, எங்கே, எந்த மாதம், எதை அடையாளமாகக் கொண்டு போவது என்ற மூன்றையும் ஒரு சமூகம் வகுத்து வைத்திருந்தது.

இத்தனை நடைக்கு இந்த மரம் தகுதியானதுதானா என்பதை வில் செய்கிறவர்களின் கைவேலை சொல்லும். வில்லை வளைக்கும்போது எய்பவனுக்கு எதிர்ப்புறமுள்ள முதுகு இழுபடும். அவனைப் பார்த்த வயிறு நசுங்கும். பல மரங்கள் ஒன்றைத் தாங்கும், மற்றொன்றில் தோற்கும். ஓசேஜ் ஆரஞ்சு இரண்டையும் தாங்கும். ஆனால் கட்டையைத் தேர்ந்தெடுப்பதுதான் பாடு. திறந்த வெளியில் இந்த மரம் தாழவே கிளைத்து, கோணலாக, கணு கணுவாக வளரும். முறுக்கில்லாமல் நேராக ஓடிய ஓர் அடிமரம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளக்கிறார்கள். அப்போதுதான் பிளவு மரத்தின் நார் போன போக்கிலே போகும். வெட்டிய முனைகளில் உடனே பசையோ மெழுகோ பூசி, ஈரம் மெல்ல வெளியேறும்படி காய வைக்கிறார்கள். இல்லாவிட்டால் முனை வெடித்து நீளத்துக்கும் ஓடும்.

பிறகு பட்டையையும் அதன் அடியிலுள்ள மெல்லிய வெள்ளைப் பகுதியையும் சீவி எடுத்து வைரத்துக்கு வருகிறார்கள். அங்கே ஓர் ஆண்டு வளையத்தைத் தேர்ந்து, வில்லின் முனை முதல் முனை வரை அந்த ஒரே வளையத்தின் மேற்பரப்பு முதுகாக நிற்கும்படி இழைக்க வேண்டும். கணு வரும் இடத்தில் வளையம் மேடிட்டால் கத்தியும் மேடேற வேண்டும். ஓரிடத்தில் வளையம் அறுபட்டாலும் வில் ஒருநாள் அங்கேதான் சிலாம்பு கிளம்பி முறியும். பொறுமையைக் கேட்கும் வேலை இது. இதைக் கற்றபின்தான் குதிரை விலையின் நியாயம் எனக்குப் பிடிபட்டது.

பழைய காலத்துக்குள் இன்னும் பின்னோக்கிப் போனால் ஆர்க்கன்சாவின் தொல்லியலர் ஃபிராங்க் ஷாம்பாக் எதிர்ப்படுகிறார். ஒக்லஹோமாவில் ஸ்பைரோ என்ற தொல்லிடத்து மேடுகளில் புதைந்திருந்த பெருஞ்செல்வத்துக்கு வில்மர வணிகமே ஒரு காரணம் என்று அவர் வாதிட்டார். புவா தார்க் ஓடை செவ்வாற்றில் கலக்கும் இடத்தருகே உள்ள சாண்டர்ஸ் தொல்லிடத்தை அந்த வணிகத்தின் கிடங்காகக் கண்டார். டெக்சஸ் தொல்லியலர்கள் இதை ஏற்கவில்லை; சாண்டர்ஸ் உள்ளூர்க் காடோ மக்களின் குடியிருப்பே என்றார்கள். மரம் மக்கிப்போகும் பொருள் என்பதால் எலும்பும் ஓடும் போல அது நேர்ச்சான்று தராது. ஆயினும் அந்த இடத் தேர்வும் கடிதம் காட்டும் 300 மைலும் ஒரே ஓடைமுகத்தில் சந்திப்பதை நான் தற்செயல் என்று ஒதுக்கமாட்டேன்.

லூயிஸ் அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதினார்: இந்த மரத்தால் மிக அழகான வேலிகள் அமையும். அது பலித்தது. இல்லினாய்ஸில் ஜோனதன் பால்ட்வின் டர்னர் 1840களிலிருந்து இதை உயிர்வேலியாகப் பரப்பினார். கொங்கு நாட்டில் கிளுவைக்கு உள்ள இடம் அங்கே இதற்கு வாய்த்தது. 1874இல் ஜோசஃப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றதும் வேலியின் தேவை குறைந்தது; ஆனால் எளிதில் மக்காத இந்த மரமே முள்கம்பி கட்டும் கம்பங்களாயிற்று. இன்று வீட்டில் வில் செய்கிறவர்கள் செவ்வாறு வரை நடக்க வேண்டியதில்லை. கான்சஸ், அயோவா பண்ணைகளின் பழைய வேலி வரிசைகளிலேயே கட்டை எடுக்கிறார்கள். பார்வைக்கு ஒத்த கருப்பு லோகஸ்ட் மரத்தோடு குழப்பம் வந்தால் சீவலைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள். ஓசேஜ் ஆரஞ்சின் சாயம் நீரை மஞ்சளாக்கிவிடும்.

1808 நவம்பரில் ஃபோர்ட் கிளார்க்கில் செய்த உடன்படிக்கையால் ஓசேஜ்கள் மிசௌரியிலும் ஆர்க்கன்சாவிலும் தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தார்கள். மரமோ அமெரிக்கப் பெருநிலத்தின் 48 மாநிலங்களிலும் நடப்பட்டுவிட்டது. தாவர வரலாற்று நூல்கள் இதை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தவராக லூயிஸைக் குறிக்கின்றன. கடிதத்தைச் சாட்சியாக வைத்துப் பார்த்தால் அந்த இடம், கன்றுகளைச் சுமந்துவந்த ஓசேஜ் மனிதருக்கு உரியது. லூயிஸ் அவர் சொன்னதை எழுதிவைத்தவர்.