மலைப்பாதையில் பழைய மோட்டார்

1924ஆம் ஆண்டில் புகைவண்டி பதுளையை வந்தடைந்தது. கொழும்பிலிருந்து மலையேறி வந்த இருப்புப்பாதை அங்கேயே முடிவுற்றது. இன்றும் பதுளைதான் அப்பாதையின் கடைசி நிலையம். பதுளைக்கு அப்பால் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல என விரிந்து கிடந்த தேயிலைத் தோட்டங்களுக்கு மனிதரையும் பொருளையும் சுமந்து சென்றவை மாட்டுவண்டிகளும், அவற்றைத் தொடர்ந்து வந்த மோட்டார் வண்டிகளுமே. ஊவாவின் மோட்டார் வரலாறு உண்மையில் வளைவுகளின் வரலாறு; அவ்வளைவுகளிலே பழுதுற்று நின்ற வண்டிகளின் வரலாறும் ஆகும்.

ஆரம்ப காலத்துக் கார்களில் கியர் மாற்றுவதே ஒரு வித்தையாக இருந்தது. பற்சக்கரங்களின் வேகத்தைத் தாமே ஒத்திசைக்கும் அமைப்பு 1928இல் அமெரிக்கக் காடிலாக் வண்டியில்தான் முதன்முதலாக வந்தது. அதற்கு முற்பட்ட வண்டிகளில் சாரதி கிளச்சை இருமுறை மிதித்து, இடையே எஞ்சினின் வேகத்தைக் கூட்டியே கீழ்க் கியருக்கு இறங்க வேண்டும். தவறினால் பற்கள் நறநறக்கும். 1948இல் வெளிவந்து, தோட்டத்துரைமார் முதல் ஆசிரியர் வரை பலருக்கும் உரியதான மொறிஸ் மைனரிலும் முதற்கியருக்கு அவ்வசதி கடைசிவரை அமையவில்லை. ஓடும்போதே அதனை முதற்கியருக்குத் தள்ளிவிட்டு, ‘கியர் பெட்டி கெட்டுவிட்டது’ என்று கராஜுக்கு வந்தவர்கள் உண்டு. அங்கே கெட்டிருந்தது வண்டியன்று, பழக்கமே.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970க்குப் பின் நிலைமை மேலும் இறுகிற்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத்துரைமார் நாடு திரும்பினர். மொறிஸ், ஒஸ்டின், ஹில்மன் வண்டிகள் கைமாறிக் கைமாறி ஓடின. புதிய வண்டியுமில்லை, உதிரிப்பாகமுமில்லை. இந்நிலையிலேதான் நோயறியும் கலை ஊவாவில் உயிர்நாடியாயிற்று. கியர் பெட்டியை வீணாகக் கழற்றினால், கழற்றும்போது சிதைந்த ஒரு வளையத்துக்காக வண்டி மாதக்கணக்கில் முடங்கும். ஆகவே கழற்றுமுன் கேள் என்பதே ‘பாஸ்’மாரின் முதல் விதியாயிற்று.

அவர்கள் கேட்ட முறையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். வண்டியை நிறுத்தி, கியரின்றி எஞ்சினை ஓடவிடுவர். அப்போது எழும் இரைச்சல் கிளச்சை மிதித்தவுடன் அடங்கினால், குற்றம் கியர் பெட்டியின் முன் பேரிங்கில் இருத்தல் கூடும். மிதிக்கும்போது மட்டும் இரைந்தால், தேய்ந்தது கிளச்சை விடுவிக்கும் பேரிங். மொறிஸ் மைனரில் அது வெறும் கரிவளையமே. கிளச்சின் மீது காலை வைத்தபடியே மலையேறும் சாரதி அதனை விரைவில் தின்றுவிடுவான். ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் கொள்ளாவிடின், கைபிறேக்கை இறுக்கி, மேற்கியரில் இட்டு, கிளச்சை மெல்ல விடுவர். எஞ்சின் நின்றுவிட்டால் கிளச் நலம். நில்லாது ஓடினால் அது வழுக்குகிறது.

எஞ்சினில் ‘டக் டக்’ என்ற அடி கேட்டால், மரப்பிடித் திருப்புளியால் ஒவ்வொரு பிளக்காக மின்னோட்டத்தைத் துண்டிப்பர். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது ஓசை தணிகிறதோ அங்கேதான் பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருக்கும். குளிரில் தட்டி, சூடேறியதும் மறையும் ஓசை பிஸ்டனுடையது, அதற்கு அவசரமில்லை. திருப்புளியின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்ட அவர்களுக்கு, மருத்துவரின் குழல் தேவைப்படவில்லை.

மலை தானே சில நோய்களைத் தந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சீராக ஓடிய எஞ்சின் அங்கே பெற்றோல் மிகுந்து கரும்புகை கக்கும், வலுவும் குன்றும். அவ்வுயரத்தில் நீரும் சுமார் 95 பாகை வெப்பத்திலேயே கொதிப்பதால், ரேடியேட்டர் கொதிப்பதெல்லாம் கோளாறென்று கொள்ளலாகாது. காபரேட்டரின் உள்ளிருக்கும் பிஸ்டனை நூலளவு உயர்த்திப் பார்ப்பர். எஞ்சினின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. கணநேரம் கூடித் தணிந்தால் சரி.

பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியே வெல்லவாய செல்லும் நெடிய இறக்கம் மற்றொரு பரீட்சைக்களம். கீழே சென்று மீண்டும் விசைகொடுக்கும்போது நீலப்புகை பீறிட்டால், வால்வின் வழியே எண்ணெய் உறிஞ்சப்படுகிறது என்பது குறிப்பு. அதைவிட அஞ்சத்தக்கது, இறக்கத்தில் விசையைத் தளர்த்தியதும் கியர்த்தண்டு தானே நடுநிலைக்குத் துள்ளுவது. கியரைப் பிடித்து நிறுத்தும் வில்லோ கவையோ தேய்ந்தமையால் வருவது அது. எஞ்சினின் பிடி விடுபட்டவுடன் வண்டியின் முழுப்பாரமும் சூடேறிய பிறேக்கின் மீது விழும். தண்டை ஒரு கையால் அழுத்தியபடி இறங்கிய சாரதிகளின் துணிவை மெச்சுவோர் உளர். அத்துணிவை ‘பாஸ்’மார் மெச்சவில்லை. வில்லை மாற்றாது வண்டியை வெளியே விட மறுத்தனர்.

ஏனெனில் அவ்வண்டிகளில் சென்றோர் உல்லாசப் பயணிகள் மட்டும் அல்லர். லயத்தில் நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லத் தோட்டத்தில் கிடைத்தது, பெரும்பாலும் கொழுந்து லொறியோ ஒரு பழைய வாடகைக் காரோதான். வழியில் பெற்றோல் பம்பின் ‘டிக் டிக்’ ஓசை நின்றால், அதனை மெல்லத் தட்டினால் மீண்டும் உயிர்பெறும் என அறிந்த சாரதியும், அறியாத சாரதியும் அவ்விரவில் ஒன்றல்லர். இவ்வறிவு பாடநூல் வழியே வந்ததன்று. தேயிலைத் தொழிற்சாலைப் பிட்டரிடமும் கராஜ் ‘பாஸ்’ஸிடமும் கையாளாக நின்ற பையன்கள் கண்டும் கேட்டும் கற்றனர்.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. ஜப்பானிய வண்டிகள் வந்து நிறைந்தன. பழைய மொறிஸ் காட்சிப்பொருளாகும் என எண்ணினர். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025இல்தான் படிப்படியாகத் தளர்ந்தது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. அவற்றின் ஓசையைக் கேட்டு நோய் சொல்லக்கூடிய முதிய ‘பாஸ்’மாரைத் தேடி, பதுளையிலும் பண்டாரவளையிலும் மீண்டும் ஆட்கள் வரத் தொடங்கினர்.