லூசியன் சிரித்த சிறைவாசல்

ரோமானியச் சிறைகளில் கைதிக்குச் சோறிட்டவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்த உறவினரே. கிறிஸ்தவக் கைதிக்குச் சபையே உறவாயிற்று. இதற்கு நமக்குக் கிடைக்கும் சுவையான சாட்சி, கிறிஸ்தவர்களை ஏமாளிகள் எனக் கருதிய பகடிக்காரர் லூசியன். பாலஸ்தீனச் சிறையிலிருந்த பெரெக்ரினஸுக்காகக் கைம்பெண்களும் அனாதைக் குழந்தைகளும் விடியற்காலையிலேயே வாசலில் காத்திருந்ததையும், சபைப் பெரியவர்கள் காவலருக்குக் கைக்கூலி கொடுத்து உள்ளேயே அவருடன் உறங்கியதையும், ஆசிய நகரங்களிலிருந்து பொதுச்செலவில் ஆட்கள் வந்ததையும் சொல்லிச் சிரிக்கிறார். (பெரெக்ரினஸைச் சபை பின்னர் விலக்கியது வேறு கதை.) சிரிப்பை விட்டுவிட்டுச் செய்தியை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஏனெனில் 203இல் கார்த்தேஜிலும் அதே கைக்கூலிதான். இரு திருத்தொண்டர்கள் அதைக் கொடுத்து, பெர்பெத்துவாவுக்கும் உடனிருந்தோருக்கும் சிறையின் நல்ல பகுதியில் சில மணிநேரம் வாங்கித் தந்தனர். பசியால் துவண்டிருந்த தம் குழந்தைக்கு அவர் அங்கே பாலூட்டினார்.

324இல் வீழ்ந்த பேரரசர் லிசினியஸ், கைதிகளுக்கு உணவளிப்போருக்கும் அதே தண்டனை என ஆணையிட்டதாக யூசேபியஸ் எழுதுகிறார்.