பொன்மலைத் தேர்வும் பள்ளிக்கூட ரோபோவும்

திருச்சி மன்னார்புரத்துக்குக் கிழக்கே பொன்மலை. நாகப்பட்டினத்தில் இருந்த தன் ரயில் பணிமனையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1928 வாக்கில் இங்கே மாற்றியது. கூடவே ஆள்குறைப்பும் வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பத் திட்டம்; அதற்கு வழியாகத் தொழில்திறன் தேர்வு. ஆண்டுக்கணக்கில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர்கள் இதை ஏற்பார்களா? அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான சிங்காரவேலர் சிறைக்குப் போனார்.

கைத்திறனை அளப்பதற்கு இந்த வட்டாரத்தில் இப்படியும் ஒரு முன்கதை உண்டு.

பட்டறைக்குள் நடக்கும் அன்றாடச் சோதனை வேறு மாதிரி. பிட்டர் வேலை பழகும் பையனுக்குத் தொடக்கத்தில் அரம்தான் பாடம். வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டை ராவி ராவிச் சமமாக்கி, மூலைமட்டத்தை ஒட்டிவைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். இடுக்கில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் அரத்தை எடுக்க வேண்டியதுதான். மேஸ்திரி வாய் திறக்கவே வேண்டாம்.

பள்ளிக்கூட ரோபோ வகுப்பில் பிள்ளை கற்றதை அளக்க அப்படியொரு மூலைமட்டம் இன்னும் அமையவில்லை. 1960-களின் இறுதியில் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் லோகோ என்ற கணினிமொழியை உருவாக்கினார்கள். தரையில் ஊர்ந்து கோடு போடும் ‘ஆமை’யைக் குழந்தைகள் அதைக் கொண்டு ஓட்டினார்கள். இதனால் திட்டமிடும் அறிவே வளரும் என்று பலர் நம்பினார்கள். ராய் பீயும் மிடியன் கர்லாண்டும் 1980-களில் சோதித்துப் பார்த்தபோது, ஓராண்டு லோகோ பழகிய பிள்ளைகள் வேறொரு திட்டமிடும் வேலையில் மற்றவர்களை முந்தவில்லை. 2012-ல் பெனிட்டி என்ற ஆய்வாளர், ரோபோ வகுப்புகள் பற்றிய ஆய்வுகளைச் சலித்தார். அளந்து சொன்னவையாகத் தேறியவை பத்தே. பெரும்பாலும் பலன் தெரிந்தது, எல்லாவற்றிலும் அல்ல.

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் ரோபோ போன்றவற்றைச் செய்து பழகுவதற்காக நிதி ஆயோக் 2016-ல் அடல் டிங்கரிங் ஆய்வகங்களைத் தொடங்கியது. பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். எத்தனை ஆய்வகம், எத்தனை மாணவர் என்ற கணக்கு சுலபம். பணம் கொடுத்தவருக்கு அது போதும். பிள்ளைக்கு என்ன வந்தது என்பதை மேஜை அருகே நின்றால்தான் பார்க்க முடியும்.

கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓடும் ரோபோவையே எடுத்துக்கொள்வோம். அறைக்குள் ஒழுங்காக ஓடும். ஜன்னலோர வெயிலில் தடுமாறும். சூரிய ஒளியிலுள்ள அகச்சிவப்புக் கதிர் சென்சாரைக் குழப்பிவிடும். அப்போது ஒருத்தி ஆசிரியரைக் கூப்பிடுகிறாளா, சென்சாருக்கு அட்டையால் மறைப்புக் கட்டுகிறாளா, நிரலில் உள்ள அளவை மாற்றுகிறாளா? அதே குழுவில் ஸ்க்ரூடிரைவரைத் தொடாமல் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பது யார்? வருகைப் பதிவேட்டில் இருவருக்கும் ஒரே டிக்தான்.