சங்கம் வந்தது முன்னே, சட்டம் வந்தது பின்னே

பி.காம். படிக்கிறவனுக்கு பிசியோதெரபி பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு தகுதியும் இல்லை, அம்பத்தூர்க்காரன் என்பதைத் தவிர :-) எங்கள் பக்கம் மெடிக்கல் ஷாப்புக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது பிசியோதெரபி போர்டுதான். போரூர், வேலப்பன்சாவடி, தண்டலம் என்று பூந்தமல்லிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிசியோதெரபி கல்லூரிகள் இருக்கின்றன. என்னோடு பள்ளியில் படித்த இரண்டு பேர் இப்போது பி.பி.டி. படிக்கிறார்கள்.

அதில் ஒருத்தியிடம் கல்லூரி சீனியர்கள் மாணவர் மன்றத்தில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அவள் அப்பா, "அதெல்லாம் எதுக்கும்மா? படிக்கிற வேலையப் பாரு. சங்கம் கிங்கம்னு போனா அரியர்தான் விழும்" என்று சொல்லிவிட்டார். என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படிக்கப் போனால் அது 1894-ல் போய் நின்றது.

லண்டனில் அந்த வருடம் ஒரு பெரிய களேபரம். மசாஜ் நிலையம் என்று போர்டு மாட்டிய பல இடங்களில் நடப்பது விபசாரம் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதியது. மசாஜ் தெரியும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், விளம்பரம் கொடுக்கலாம் என்ற நிலை. இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கை கால்களைப் பிடித்துவிட்டு, பயிற்சி கொடுத்து, ஒழுங்காகத் தொழில் செய்துகொண்டிருந்த நர்சுகள். இனி யாரிடமாவது "நான் மசாஜ் செய்பவள்" என்று சொல்ல முடியுமா?

லூசி மரியான் ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் ஆன் மேன்லி, மார்கரெட் டோரா பாமர் என்ற நான்கு பெண்கள் கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அவர்கள் போட்ட விதிகளைப் பாருங்கள். டாக்டர் சொல்லாமல் யாருக்கும் மசாஜ் செய்யக்கூடாது. ஆண்களுக்குப் பொதுவாகச் செய்யக்கூடாது, டாக்டர் தனியாகக் கேட்டுக்கொண்டால் மட்டும் விதிவிலக்கு. மருத்துவப் பத்திரிகைகளைத் தவிர வேறு எதிலும் விளம்பரம் கூடாது. நோயாளிகளிடம் மருந்து விற்கக்கூடாது.

எங்கள் மார்க்கெட்டிங் பேப்பரில் இதை ஒரு பிசினஸ் பிளானாக எழுதிக் கொடுத்தால் வாத்தியார் சைபர் போடுவார். வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை வேண்டாம் என்றாகிவிட்டது. விளம்பரம் இல்லை. மருந்து கமிஷனும் இல்லை. கடையை இழுத்து மூடுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று தோன்றும். ஆனால் அவர்கள் செய்தது சரியான கணக்கு. பொருளாதாரத்தில் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய பழைய கார் கட்டுரை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல கார் எது, ஓட்டைக் கார் எது என்று வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால், எல்லாக் காருக்கும் ஓட்டைக் கார் விலைதான் கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான். (2001-ல் இதற்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள்.) அகர்லாஃப் எழுதுவதற்கு 76 வருடம் முன்பே அந்த நான்கு நர்சுகளும் பிரச்சினையைப் புரிந்துகொண்டு, தங்கள் வருமானத்தைக் குறைத்துக்கொண்டு, நம்பிக்கையை விலைக்கு வாங்கினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து பரீட்சை வைத்தார்கள். தேறியவருக்குச் சான்றிதழ். 1900-ல் சங்கத்தை முறைப்படி நிறுவனமாகப் பதிவு செய்தார்கள். கம்பெனி சட்டம் படித்தவர்கள் நம் ஊர் பிரிவு 8 கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த ஜாதி. முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்ததும் இவர்களின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. 1920-ல் அரச சாசனம் கிடைத்தது, ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அரசாங்கமே சட்டம் போட்டுப் பதிவேடு வைத்து "இவர்தான் பிசியோதெரபிஸ்ட்" என்று சொல்ல 1960 ஆயிற்று. 1894-லிருந்து 1960. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அமெரிக்காவிலும் இதே போர்தான் காரணம். அங்கே மேரி மெக்மில்லன் போன்றவர்கள் அவசர கோர்ஸ் நடத்தி இளம் பெண்களை ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்த பிறகு 1921 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் 30 பெண்கள் கூடி சங்கம் ஆரம்பித்தார்கள். மெக்மில்லன்தான் முதல் தலைவி.

நம் நாட்டுக் கதை போலியோவில் தொடங்குகிறது. 1940களின் கடைசியிலும் 50களின் ஆரம்பத்திலும் பம்பாயில் போலியோ குழந்தைகளைப் பாடாய்ப் படுத்தியது. தடுப்பூசி அப்போது கிடையாது. சால்க்கின் ஊசி 1955-ல்தான் அமெரிக்காவிலேயே வந்தது. போலியோ வைரஸ் தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பு செல்களைக் கெடுத்துவிடும். ஒரு தசை செத்துப்போனால் எதிர்ப்பக்கத்துத் தசை இழுத்துக்கொண்டே இருக்கும். நாளாக ஆக மூட்டு அப்படியே மடங்கி இறுகிவிடும். ரொம்ப காலம் இதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? அசைக்காமல் கட்டுப்போட்டு வைப்பதுதான். எலிசபெத் கென்னி என்ற ஆஸ்திரேலிய நர்ஸ்தான் வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியால் ஒத்தடம் கொடுத்து, கை கால்களை அசைக்க வைத்துக் காட்டினார். டாக்டர்கள் பலர் அவரைத் திட்டினார்கள். குழந்தைகளுக்கு அது உதவுவதைப் பார்த்த பிறகு கட்டுப்போடும் வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழிந்தது.

ஆனால் அசைக்க வைப்பதற்கு ஆள் வேண்டுமே? ஒரு குழந்தைக்கு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும். டாக்டருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1953-ல் பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பள்ளி தொடங்கினார்கள். இந்தியாவில் அதுதான் முதல் பள்ளி.

இரண்டே வருடத்தில், 1955-ல், இந்திய பிசியோதெரபிஸ்ட்கள் சங்கம் பிறந்துவிட்டது! நாடு முழுக்க இந்தத் தொழிலில் இருந்தவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்ற காலம் அது என்று நினைக்கிறேன். முதல் பள்ளியின் சுண்ணாம்பு வாசனைகூடப் போயிருக்காது, அதற்குள் சங்கம். அவசரம் இருந்திருக்கிறது. டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் இருந்தது. நர்சுக்கு 1947-லேயே நர்சிங் கவுன்சில் சட்டம் வந்துவிட்டது. இவர்களுக்கு ஒன்றும் இல்லை. உலகக் கூட்டமைப்பு 1951-ல் கோபன்ஹேகனில் 11 நாடுகளோடு ஆரம்பித்தபோது அதில் இந்தியா இல்லை. அனுப்புவதற்கு ஒரு சங்கம் இருந்தால்தானே? அந்த உலகக் கூட்டமைப்பு நம் சங்கத்தை 1967-ல் சேர்த்துக்கொண்டது.

பம்பாய் கதையை மட்டும் சொன்னால் நம் ஊரை விட்டுவிட்டதாக ஆகிவிடும். பூந்தமல்லியில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் வேலூர். அங்கே சி.எம்.சி.யில் 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்த ஆரம்பித்தார். நரம்பு செத்துப்போன தசைக்குப் பதிலாக, நன்றாக வேலை செய்யும் ஒரு தசைநாணை எடுத்து வேறு இடத்தில் இணைப்பார். ஆபரேஷன் பாதி வேலைதான். இதுவரை விரலை ஒரு விதமாக மடக்கிக்கொண்டிருந்த தசை இனிமேல் வேறு வேலை செய்ய வேண்டும். அதை மூளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது? மாவுக்கட்டைப் பிரித்த பிறகு வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து "இப்படி நினை, இப்படி அசை" என்று சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். வேலூரில் அந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் ரூத் தாமஸ் என்ற ஆங்கிலேய பிசியோதெரபிஸ்ட். சீனாவில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். பால் பிராண்டைத் தெரிந்த அளவுக்கு ரூத் தாமஸை நம்மில் யாருக்கும் தெரியாது. எனக்கும் போன மாதம் வரை தெரியாது.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. இவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், செமஸ்டர் முடியட்டும்.

இனி அந்தக் கணக்கு. காமர்ஸ் பசங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சி.ஏ. சட்டம் 1949-ல் வந்தது. உங்கள் மாமா எவ்வளவு நன்றாகக் கணக்கு எழுதினாலும் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது. போட்டால் குற்றம். ஆனால் பிசியோதெரபிக்கு நாடு முழுக்கச் செல்லும் சட்டம் ரொம்ப காலம் இருக்கவில்லை. டெல்லி, மகாராஷ்டிரா போன்ற சில மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட்டன. 2007-ல் மத்திய கவுன்சில் அமைக்க ஒரு மசோதா லோக்சபாவுக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. 2009-ல் சபை கலைந்ததும் மசோதாவும் காலாவதி. கடைசியில் 2021-ல்தான் தேசிய அளவில் துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதில் பிசியோதெரபியும் உண்டு.

1955-லிருந்து 2021 வரை 66 வருடம். லண்டனில் 1894-லிருந்து 1960 வரை எத்தனை? அதுவும் 66! தற்செயல்தான், ஜோசியம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு நாட்டிலும் தாத்தா காலத்தில் சங்கம் ஆரம்பித்தால் பேரன் காலத்தில்தான் சட்டம் கிடைத்திருக்கிறது. அந்த இடைவெளியில் "இவர் படித்தவர், அவர் போர்டு மட்டும் மாட்டியவர்" என்று பிரித்துச் சொல்ல பட்டத்தையும் சங்க உறுப்பினர் அட்டையையும் விட்டால் நம் ஊர் நோயாளிக்கு வேறு என்ன இருந்தது?

இது ஏதோ ஏட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். அம்பத்தூரில் 1949-லேயே சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது. 60களில் ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, அம்பத்தூரில் எஸ்டேட். எஸ்டேட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு பவர் பிரஸ்ஸில் விரலைக் கொடுத்த ஒருவரையாவது தெரிந்திருக்கும். கை நசுங்கி, ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரித்து, "இனிமே எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு போடப் போகிறவர்களும் எங்கள் பக்கம் நிறைய. கட்டு எங்கே போட்டாலும் சரி, வாரக்கணக்கில் அசையாமல் இருந்த மூட்டு இறுகித்தான் இருக்கும். லேத் ஓட்டும் மனிதருக்கு விரல் முழுசாக மடங்குமா இல்லையா என்பது சம்பளப் பிரச்சினை. அவர் எந்த போர்டை நம்பிப் படியேறுவது?

சட்டம் வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. மாநிலங்கள் கவுன்சில் அமைப்பதில் இழுத்தடித்தன. 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு சட்டத்தை அமல்படுத்தச் சொல்ல வேண்டி வந்தது. 2025-ல் புதுப் பாடத்திட்டம் வந்தது. பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் பி.டி. என்று போட்டுக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? செப்டம்பர் 9-ம் தேதி, போடக்கூடாது என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் கடிதம் எழுதியது. மறுநாளே அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கியது. இரண்டே நாளில் இரண்டு கடிதம்! எனக்கு டாக்டர் பட்ட சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை, லேத் ஓட்டுபவரின் விரல் மடங்கினால் போதும். ஆனால் இது மாதிரி நேரத்தில் பதில் சொல்ல ஒரு அமைப்பு இல்லாவிட்டால் முதல் கடிதமே கடைசிக் கடிதமாகப் போயிருக்கலாம்.

என் தோழியிடம் இதையெல்லாம் சொன்னேன். "மன்றத்துல என்ன பண்றாங்கன்னு தெரியாமயே இவ்ளோ சொல்றியே" என்றாள். நியாயம். அவளே விசாரித்துச் சொன்னாள். செப்டம்பர் 8 உலக பிசியோதெரபி தினத்துக்கு முகாம் போடுகிறார்கள். மாநாட்டுக்குப் போகிறார்கள், மாணவர்களும் அங்கே கட்டுரை வாசிக்கலாம். ஜூனியர்களுக்கு உடற்கூறு பாடத்தில் உதவுகிறார்கள். மீதி நேரம் டீ குடிக்கிறார்கள். சி.ஏ. படிக்கும் நம் நண்பர்கள் மாணவர் சங்கத்தில் செய்வதும் கிட்டத்தட்ட இதேதானே?

அவள் அப்பாவிடம் நான் எதுவும் பேசவில்லை. அரியர் விஷயத்தில் அவர் சொல்வதில் உண்மை உண்டு, ஸ்போர்ட்ஸ் செக்ரெட்டரி ஆன பிறகு காஸ்ட் அக்கவுண்டிங்கைக் கோட்டைவிட்ட ஒருவன் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறான். ஆனால் நம் நாட்டில் போலியோ 2011 ஜனவரியோடு நின்றுபோனது, 2014-ல் சான்றிதழும் வாங்கிவிட்டோம். எந்த நோய்க்காகப் பள்ளி ஆரம்பித்தார்களோ அந்த நோய் போய்விட்டது. இன்றைக்கு முகாம் போட்டால் வரிசையில் நிற்பவர்கள் பக்கவாதம் வந்த பெரியவர்கள், முழங்கால் தேய்ந்த அம்மாக்கள், நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்ட ஐ.டி. ஆட்கள். போன முகாமில் பிரஸ் ஷாப்பிலிருந்து மூன்று பேர் வந்தார்களாம், மதிய ஷிஃப்ட் பெல்லுக்கு முன்னால் திரும்பிப் போக வேண்டும் என்று அவசரப்பட்டார்களாம்.